மணி அடித்தபோது கயிறு அவன் கையில் இருந்தது

எவர்சில்வர் டம்ளர் ஒன்று. அதற்குள் மடித்துப் போட்ட இரண்டு சீட்டுகள்.

மூன்று வாரங்களுக்கு முன், கள்ளக்குறிச்சியில் எங்கள் கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்தின் மாடி ஹாலில், அந்த டம்ளருக்குள் கைவிட்டேன். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். ‘தேவையற்றது’ என்று எழுதியிருந்தது.

எதிரே நின்ற செந்தில் மிச்சமிருந்த சீட்டைப் பிரிக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அப்ப எனக்கு ‘தேவை’யா? போச்சு. நான் அந்தப் படத்த வேற பாக்கணுமா?”

செந்தில் மூங்கில்துறைப்பட்டுக்காரன். அப்பா ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர். மகன் மேடைக்கு மேடை ஜோக் அனுப்புகிறவன். கல்லூரி நாளிலிருந்து எனக்கு எதிரணி. நண்பனும்கூட — மேடையை விட்டு இறங்கிய பிறகு.

விஷயம் இதுதான். அந்த மாடி ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு மதியம், ஆமினா அக்கா ஒரு பழைய மேலைநாட்டுப் படம் திரையிடுவார். அக்காவுக்குக் கடைத்தெருவில் வளையல் கடை. அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடைதான். படம் ஓடும்போது அக்கா திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நிற்பார். திரையில் யார் என்ன பேசினாலும், அடுத்த நொடி அது அக்கா குரலில் தமிழாக வரும். தாடி வைத்த கிழவனும் அக்கா குரல்தான். அழுகிற குழந்தையும் அக்கா குரல்தான். முதல் பத்து நிமிடம் சிரிப்பு வரும். அதன்பின் அக்காவை மறந்துவிடுவோம்.

ஐம்பது பேர் வருவார்கள். வெள்ளிமலையிலிருந்து ஜீப் ஓட்டும் குமரேசன் அண்ணன் ஒரு படம்கூட விட்டதில்லை.

இப்போது சங்கத்துக்கு அந்த ஹால் வேண்டும். பண்டிகைச் சரக்கு வந்து இறங்கினால் வைக்க இடமில்லையாம். மாதம் ஒரு முறை நாற்காலி போடுவதற்காக ஒரு ஹாலைக் காலியாக வைத்திருக்க வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சங்கத் தலைவர் நெல் மண்டி வைத்திருப்பவர். பட்டிமன்றம் என்றால் உயிரை விடுபவர். அவர் ஒரு வழி சொன்னார்.

“சும்மா மூடிட்டா அந்தப் பொண்ணு மனசு நோவும். ஒரு பட்டிமன்றம் வெச்சிடலாம். மேலைநாட்டுப் படம் நம்ம ஊருக்குத் தேவையா, தேவையற்றதா? நாந்தான் நடுவர். தேவைன்னா படம் ஓடட்டும். தேவையில்லன்னா சரக்கு எறக்கு. யாருக்கும் கோவம் வரக்கூடாது.”

அடுத்த திரையிடலுக்குக் குறித்திருந்த ஞாயிறே, படத்துக்குப் பதிலாகப் பட்டிமன்றம் என்று முடிவாயிற்று. அன்று ஓட வேண்டியிருந்த படத்தையே உதாரணமாக வைத்து இரு அணியும் பேச வேண்டும். ஒவ்வோர் அணியிலும் ஒருவர். ஆளுக்கு ஏழு நிமிடம். எந்தப் பக்கம் யார் என்பதை டம்ளர் தீர்மானித்தது.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கர்வம் புதிதல்ல. மேடை ஏறினால் வென்றுதான் இறங்குவேன் என்று இதே இடத்தில் எழுதியிருக்கிறேன். எழுதியதற்கு வெட்கப்படவும் இல்லை. சீட்டில் வந்த பக்கத்தில் நின்று, அது என் சொந்தக் கருத்தா இல்லையா என்று பாராமல், முழு வலுவோடு வாதாடுவது — அதுதான் எங்கள் பயிற்சி. வக்கீல் கட்சிக்காரரைத் தேர்ந்தெடுப்பதில்லை. நாங்கள் சீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை.

தவிர, குதிரையும் துப்பாக்கியும் புழுதியும் நிறைந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வீழ்த்துவது அப்படியென்ன பெரிய வேலை?

ஆனாலும் பார்க்காத படத்தைத் திட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஆமினா அக்காவிடமே போனேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். அக்காவின் தம்பி தொழுகைக்குப் போயிருப்பார். வாடிக்கையாளர் வராத நேரம். குனிந்து உள்ளே போனேன்.

“அக்கா, நான் உங்களுக்கு எதிராகத்தான் பேசப்போகிறேன். அதற்கு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்” என்றேன்.

அக்கா கண்ணாடி வளையல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“எதிரா பேசறவங்கதான் கண்ணு முழுசா பாக்கணும். ஆதரவா பேசறவன் எங்க? ஆளயே காணோம்.”

“செந்திலா? பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னான்.”

“ஓட்டி ஓட்டிப் பாப்பான் அவன்.” லேப்டாப்பைத் திறந்து வளையல் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தார். “நீ எதிரா பேசு, நான் வாணாங்கல. ஆனா நல்லா பேசு. அரகொறையா ஒருத்தி பேசி, அதுக்குப் போயி என் படம் தோக்கக்கூடாது.”

நான் நோட்டைத் திறந்தேன். ‘குறைகள்’ என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டேன்.

கேட்கலாமா என்று யோசித்து, கேட்டேவிட்டேன். “ஹால் போய்விட்டால் என்ன செய்வீர்கள் அக்கா?”

“இன்னா பண்றது? கடயப் பாத்துக்கினு இருப்பேன்.” வளையல் பெட்டியை மூடிக்கொண்டே, வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: “மாசம் பூரா ‘கை அளவு இன்னா, கை அளவு இன்னா’ன்னு கேட்டுக்கினே கெடக்கறேன். அந்த ஒரு மத்தியானம்தான் வேற வார்த்த பேசறேன்.”

நான் படத்தை ஓடவிட்டேன்.

படத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால், இந்தப் பத்தியை முடிப்பதற்குள் உங்களில் பாதிப் பேர் ஃபோனில் அதன் இரண்டு நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டு, ‘பார்த்தாச்சு’ என்று முடித்துவிடுவீர்கள். கதையை மட்டும் சொல்கிறேன்.

வறண்ட ஒரு வெளி. தூரத்தில் மொட்டை மலைகள் — கோமுகி அணைப் பக்கமிருந்து சித்திரை மாதத்தில் கல்வராயன் மலையைப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. அங்கே ஒரு பெண் தனியாகக் கிணறு வெட்டுகிறாள். மாதம் முடிவதற்குள் தண்ணீர் வந்தால் நிலம் அவளுக்கு. வராவிட்டால் பக்கத்துப் பண்ணைக்காரனுக்கு. அவளை மிரட்டவும், கெடு முடிந்தவுடன் வெளியே தூக்கிப் போடவும், பண்ணைக்காரன் ஒரு துப்பாக்கிக்காரனை அனுப்புகிறான்.

வந்தவன் ஒன்றுமே செய்வதில்லை. வேலி மரத்தின்மேல் உட்கார்ந்துகொள்கிறான். அவ்வளவுதான். அவளுக்கு உதவியாக இருந்த தம்பி பயந்து ஓடிவிடுகிறான். இவள் தனியாக இறங்குகிறாள், தோண்டுகிறாள், மேலே ஏறி வந்து வாளியை இழுக்கிறாள், மண்ணைக் கொட்டிவிட்டு மறுபடி இறங்குகிறாள். இவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரு பகல். இன்னொரு பகல். மூன்றாவது பகல்.

என் நோட்டில் குறைகள் சேர்ந்துகொண்டிருந்தன. ‘கதாநாயகன் பேசுவதே இல்லை.’ ‘குதிரைக்கு க்ளோசப் அதிகம்.’ ‘இசையைத் தேட வேண்டியிருக்கிறது.’ ‘முக்கால் மணி நேரமாக ஒருவன் வேலியில் உட்கார்ந்திருக்கிறான்!’ — இந்தக் கடைசி வரிக்கு மேடையில் கைதட்டல் நிச்சயம் என்று பக்கத்தில் நட்சத்திரக் குறிகூடப் போட்டிருந்தேன்.

பிறகு கயிற்றுக் காட்சி வந்தது.

அது முடிந்தபோது அக்கா கேட்டார், “இன்னா கண்ணு, எழுதறத நிறுத்திட்ட?”

குனிந்து பார்த்தேன். பேனா தரையில் கிடந்தது. எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

“போதுமான குறிப்பு எடுத்துவிட்டேன் அக்கா” என்றேன், மிகுந்த கம்பீரத்தோடு.

டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று அக்கா கேட்டார்.

அடுத்து வந்த நாள்கள் எனக்கு நல்ல நாள்கள் அல்ல. படம் பிடித்திருந்தது. அதை வீழ்த்தவும் வேண்டியிருந்தது. வேண்டுமென்றே சோடையாகப் பேசுவதா? அது என் மேடைக்குச் செய்யும் துரோகம். வலுவாகப் பேசுவதா? அப்படியானால் அக்காவின் ஒரே மதியத்தின்மேல் சரக்கு மூட்டைகளை நானே ஏற்றி அடுக்குகிறேன். சீட்டை மாற்றித் தரச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அவமானத்துக்கு இந்தப் பத்தி போதாது.

செந்திலை ஃபோனில் பிடித்தேன். “படம் பார்த்தாயா?”

“பாத்தேன் பாத்தேன். டபுள் ஸ்பீடுல. ஒருத்தன் வேலி மேலயே ஒக்காந்துக்கினு இருக்கான். நல்லாருக்கு.”

“கயிற்றுக் காட்சி?”

“கயிறா? அது எங்க வருது?”

என் எதிரணியின் தரம் கண்டு வாழ்க்கையில் முதல் முறையாக வருந்தினேன்.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். எதிரணியின் வாதத்தை எதிரணியைவிட அழகாகச் சொல்; கூட்டம் அதில் சொக்கி நிற்கும்போது அதையே போட்டு உடை. இது எங்களுக்குள் புழங்கும் உத்தி. பானையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்குகிறோமோ, உடையும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும். ஏழு நிமிடம் என்றால் நான்கு நிமிடம் தூக்குவது, மூன்று நிமிடம் உடைப்பது. நான் வென்ற மேடைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வென்றவை.

தூக்குவதற்கு நான் தேர்ந்தெடுத்தது கயிற்றுக் காட்சி. உடைப்பதற்கு ஒரு வரி வைத்திருந்தேன்: ‘கயிற்றையும் கிணற்றையும் பார்க்கக் கடல் கடக்க வேண்டுமா? மணலூர்ப்பேட்டைக்கு பஸ் ஏறினால் போதாதா?’

சொல்லிப் பாருங்கள். கூட்டம் எழுந்து நின்று தட்டும். எனக்குத் தெரியும்.

ஞாயிறு வந்தது. ஹால் நிரம்பியிருந்தது. வழக்கமாகப் படம் பார்க்க வருபவர்களோடு, படமே பார்க்காத வியாபாரிகளும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒரு மூலையில் சரக்குக்காக முன்கூட்டியே கொண்டுவந்த மரப்பலகைகள் சாத்தியிருந்தன. அக்கா கடைசி வரிசைக்குப் பின்னால், ஓட வாய்ப்பில்லாத தன் ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பழக்கம், கொண்டுவந்துவிட்டேன் என்றார்.

செந்தில் முதலில் பேசினான். ஏழு நிமிடமும் சிரிப்பு. மாமியார் ஜோக், ஃபோன் ஜோக், கரும்பு லாரி ஜோக். படத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: “அந்தப் படத்துல குதிர சூப்பரா ஓடுதுங்க.” அந்தப் படத்தில் குதிரை ஓடவே இல்லை. நின்றுகொண்டு காதைத்தான் அசைக்கிறது.

தலைவர் பெரிய மனதோடு சிரித்துவிட்டு, “அடுத்து நம்ம ஊர்ப் பொண்ணு” என்றார். அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் மேடை ஏறினேன்.

முதல் நிமிடம் வழக்கம்போல் முழங்கினேன். கூட்டம் கைக்குள் வந்தது. இனித் தூக்க வேண்டியதுதான்.

“எதிரணி நண்பர் சொல்ல மறந்த காட்சி ஒன்றை நான் சொல்கிறேன்” என்று தொடங்கினேன். “நான்காம் நாள். அவள் கிணற்றின் அடியில் இருக்கிறாள். மேலே, கயிறு கட்டிய முளை அசைகிறது. அவளுக்குத் தெரியாது. வேலியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிகிறது. அவன் இடுப்பிலிருந்த துப்பாக்கி வேலிக் கம்பத்தில் தொங்குகிறது. முளை பெயர்கிறது. கயிறு பாம்புபோல் கிணற்றுக்குள் ஓடுகிறது. அவன் குதித்து ஓடி வந்து, அதன் நுனியைப் பிடித்துவிடுகிறான்!”

இந்த இடத்தில் நிறுத்தி, ‘இது ஒரு காட்சியா?’ என்று கேட்க வேண்டும். நிறுத்தினேன். கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் மூன்றாவது வரிசையில் குமரேசன் அண்ணன் எழுந்துவிட்டார்.

“வெறுங்கையிலயா புடிச்சான்?”

மேடையில் குறுக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் போவது தோல்வி. “வெறுங்கையில்தான்” என்றேன்.

“உருளை கிருளை இல்லியா?”

“இல்லை.”

“அப்ப கை பிஞ்சிடும் தங்கச்சி. நானு ஜீப்பு எடுக்கறதுக்கு முன்ன மலையில கெணத்து வேலைக்குப் போனவன். ஒரு ஆளோட வெய்ட்டு வெறுங்கையில நிக்காது. கால எங்க உட்டான் அவன்?”

நான் நோட்டில் எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது! “கிணற்றுக் கரையில் ஒரு கல். அதில் வலது காலை உதைத்துக்கொண்டான். குதிகால் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் காட்டுகிறார்கள். முகத்தைக் காட்டவில்லை. குதிகாலை.”

“ஆங்… அதான்” என்று அண்ணன் உட்கார்ந்தார்.

ஹாலில் சத்தமில்லை. மேடைக்காரர்களுக்குத் தெரியும் — கைதட்டலைவிடப் பெரிய போதை அந்த நிசப்தம். நான் அதற்குள் விழுந்துவிட்டேன்.

“கீழே அவள் கயிற்றை இரண்டு முறை இழுக்கிறாள். மேலே கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள். வழக்கமாக முளையில் கட்டிய கயிறு அசையாது. இன்று அது லேசாக… மூச்சுவிடுகிறது. அவள் அண்ணாந்து பார்க்கிறாள். கேமரா கிணற்றின் அடியிலிருந்து பார்க்கிறது. இருட்டு. நடுவில் ஒரு வெள்ளை வட்டம். வட்டத்தின் விளிம்பில் ஒரு தொப்பியின் நிழல். தன்னை விரட்ட வந்தவனின் கையில் தன் உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இசை இல்லை. வசனம் இல்லை. அவள் கூப்பிடவில்லை. அவனும் ‘பயப்படாதே’ என்று சொல்லவில்லை. ஏறுவதா? அடியிலேயே இருந்துவிடுவதா?”

“ஐயோ” என்றது பெண்கள் பக்கம் ஒரு குரல்.

ஒரு மணி அடித்தது. அது ஆறாம் நிமிட எச்சரிக்கை. பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“அவள் கயிற்று வளையத்துக்குள் காலை வைக்கிறாள். ஒரு காலைத்தான் வைக்கிறாள். மேலே அவன் கையில் கயிறு இறுகுகிறது. அப்போது குதிரை காதைத் திருப்புகிறது. அவன் முதுகுக்குப் பின்னால், வெகு தூரத்தில், கொஞ்சம் புழுதி. பண்ணைக்காரன் வருகிறான். கெடு முடியப்போகிறது, தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க வருகிறான். துப்பாக்கி பத்தடி தூரத்தில் வேலிக் கம்பத்தில். கயிறு இவன் கையில். துப்பாக்கியை எடுக்க வேண்டுமானால் கயிற்றை விட வேண்டும். பண்ணைக்காரன் நெருங்கி வந்து, தன் துப்பாக்கியை உருவி, இவன் முதுகுக்கு நேராக நீட்டி…”

டிங்! டிங்!

ஏழு நிமிடம்.

உடைப்பதற்கு வைத்திருந்த மூன்று நிமிடமும் போயிற்று. என் கையிலிருந்த அட்டையில் மணலூர்ப்பேட்டை பஸ் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

பயிற்சி என்பது விபரீதமான ஒன்று. இறுதி மணிக்குப் பிறகு ‘நன்றி, வணக்கம்’கூடச் சொல்லக் கூடாது என்று பழகியவள் நான். வாயை மூடினேன். கைகூப்பினேன். திரும்பி நடந்தேன்.

“இன்னாம்மா போற!” — இது தலைவர். நடுவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். “கயித்த உட்டானா, இல்லியா?”

“நேரம் முடிந்துவிட்டது ஐயா.”

“நாந்தான நடுவர்? நான் குடுக்கறேன் ரெண்டு நிமிஷம். வந்து பேசு.”

செந்தில் பக்கத்திலிருந்து என் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தான்: “போ, போய் அந்த பஸ் லைன அடி. ஜெயிச்சிக்கினு வந்துடு.” எதிரணி நண்பன் இப்படிச் சொல்லலாமா? ஆனால் அவனுக்கும் கைதட்டல் என்றால் அவ்வளவு பிரியம்.

இரண்டு நிமிடம். எனக்கு அரை நிமிடம் போதும். கயிற்றின் முடிவைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அந்த வரியை வீசினால் எல்லாம் சிரிப்பில் முடிந்துவிடும். திங்கட்கிழமை காலையில் சரக்கு வந்து இறங்கும். என் பெயருக்கு ஒரு வெற்றி கூடும்.

கடைசி வரிசைக்குப் பின்னால் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ப்ரொஜெக்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு எடுத்துப் போக.

“மன்னிக்க வேண்டும் ஐயா” என்றேன். “மணி அடித்தபின் பேசுவது மேடை மரபல்ல. நடுவரே அனுமதித்தாலும் நான் பேச மாட்டேன்.”

எவ்வளவு நேர்மையான பெண் என்று முன்வரிசையில் யாரோ வியந்தார்கள். நேர்மையா அது? ஒரு விதியின் முதுகுக்குப் பின்னால் ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்த முதுகு எவ்வளவு அகலமாக இருந்தது! மூச்சு ஒரு வாரத்துக்குப் பிறகு முழுதாக உள்ளே போயிற்று.

ஹாலில் இரைச்சல். “சொல்லும்மா!” “உட்டுட்டானா?” “செத்துட்டாளா?” தலைவர் மேசையைத் தட்டினார்.

“தீர்ப்பு சொல்லணும்னா எனக்கு முடிவு தெரியணும். இந்தப் பொண்ணு சொல்ல மாட்டேங்குது.” திரும்பினார். “ஆமினா! அந்தப் படம் இங்க இருக்குதா?”

வயர் சுற்றிய கை நின்றது. “இருக்குது ஐயா.”

“போடு.”

“கடைசி காட்சி மட்டும் போடட்டுமா?”

“மொதல்ல இருந்து போடு” என்றார் குமரேசன் அண்ணன், தலைவருக்கு முன்பாக. “அவன் வேலி மேல ஒக்கார்ந்தத நாங்க இன்னும் பாக்கல.”

“அண்ணே, மலைக்கு வண்டி எப்ப எடுப்பீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“வண்டியில ஏற வேண்டிய ஆளுங்க எல்லாம் இங்கதான்பா ஒக்காந்துக்கினு இருக்காங்க.”

ஜன்னல்களைச் சாத்தினார்கள். சரக்குக்காக வந்த மரப்பலகைகளை நிமிர்த்தி வெளிச்சம் வரும் இடுக்குகளை அடைத்தார்கள். அக்கா மைக்கைக் கையில் எடுத்தார்.

நானும் உட்கார்ந்தேன், இம்முறை நோட்டு இல்லாமல். வேலியில் அவன் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அவன் அவளுடைய ஒவ்வொரு அசைவையும் நமக்காகப் பார்த்துவைக்கிறான். மூன்று பகல் அவளைப் பார்த்தவனால் நான்காம் பகலில் கயிற்றை விட முடியாது. அவனால் முடியாது என்று நமக்கு எந்த வசனமும் சொல்வதில்லை. அவனோடு உட்கார்ந்திருந்ததால் நமக்கே தெரிகிறது. அந்த இயக்குநர் நம்மை நம்பியிருக்கிறார். என் மேடைகளில் நான் கூட்டத்தை ஒருநாளும் அப்படி நம்பியதில்லை. ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொல்லி, நான்காவதாக ஓர் உவமையும் போட்டுத்தான் விடுவேன்.

கயிற்றுக் காட்சி வந்தது. அக்காவுக்கு வேலையில்லை, வசனம் கிடையாது. மைக்கைக் கீழே இறக்கினார். பிறகு இடது கையால் வலது கை வளையல்களை இறுகப் பிடித்துக்கொண்டார் — சத்தம் வரக் கூடாதென்று.

பண்ணைக்காரனின் துப்பாக்கி அவன் முதுகுக்கு நேரே நீண்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இழுத்தான். இன்னும் இழுத்தான். எனக்கு முன்னால் குமரேசன் அண்ணன், முன் நாற்காலியின் முதுகைப் பிடித்து, வலது காலைத் தரையில் உதைத்துக்கொண்டிருந்தார்.

அவள் மேலே வந்தாள். முழங்கை வரை ஈரச் சேறு. பண்ணைக்காரன் அந்தச் சேற்றைப் பார்த்தான். தண்ணீர் வந்துவிட்டது, நிலம் அவளுடையது. குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான். அவள் தன்னை இழுத்தவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை எடுத்தாள். தோலுரிந்த அந்தக் கைகளில் தன் கிணற்றின் முதல் சேற்றை எடுத்துப் பூசினாள்.

படம் முடிந்தது. ஜன்னல்களைத் திறந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. யாரும் உடனே எழவில்லை.

தலைவர் மேடைக்குப் போனார். வழக்கமாக அவர் தீர்ப்பு சொல்ல அரை மணி நேரம் ஆகும். இரு தரப்பையும் பாராட்டி, சொந்த அனுபவம் இரண்டைச் சேர்த்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவார். அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

“ஏம்மா ஆமினா,” என்றார், “அந்தப் பொம்பள ஒரு நன்றிகூடச் சொல்லலியே?”

அக்கா பதில் சொல்வதற்குள் குமரேசன் அண்ணன் திரும்பினார். “சேத்த பூசினா இல்ல? அதுக்கு மேல இன்னா சொல்லணும்ன்றீங்க?”

தலைவர் அதை யோசித்தார். தலையாட்டினார்.

“சரக்க எங்க மண்டிக்குப் பின்னால எறக்கிக்கங்கப்பா. எடம் இருக்குது” என்றார். இறங்கிவிட்டார். அவ்வளவுதான் தீர்ப்பு.

வென்ற அணிக்கு வைத்திருந்த சால்வையைச் செந்திலுக்குப் போர்த்தினார்கள். டபுள் ஸ்பீடில் படம் பார்த்தவன் இரண்டு கையும் கூப்பி, மிகுந்த அடக்கத்தோடு வாங்கிக்கொண்டான். நான் மனதாரத் தட்டினேன். அக்கா நாற்காலிகளுக்கு நடுவே என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

“நல்லாதான் பேசின கண்ணு. ஆனா எதிரா பேசறேன்னு சொன்னியே?”

“நேரம் போதவில்லை அக்கா.”

“சரி சரி” என்றார். அவர் நம்பவில்லை. வேண்டுமென்றேதான் செய்தேனா என்று நீங்களும் கேட்பீர்கள். மணி அடிக்கும்வரை சத்தியமாக இல்லை. அடித்தபின்… அதை விடுங்கள்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா டீவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, பட்டிமன்றம் முடிந்து வரும் ஒவ்வொரு முறையும் கேட்பதையே கேட்டாள்.

“இன்னாடி, ஜெயிச்சியா?”

“இல்லம்மா. தப்பிச்சேன்.”